பேய் எதற்குக் குளிக்க வேண்டும்?

எங்கள் சித்தப்பாவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் லாரி ஓட்டினான், நடுவிலான் தையல் கடை வைத்தான், கடைசி ஆள் குழாய் ரிப்பேர். நான் சொல்ல வந்தது இந்தக் கடைசி ஆளைப் பற்றி. பெண் பார்க்கப் போன வீட்டிலேயே சுவரைத் தடவிப் பார்த்து, "உள்ள கசியுது" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் பெண்ணை நிமிர்ந்து பார்த்தான்.

பெண்ணின் அண்ணனுக்கு நூலகத்தில் வேலை. இருபத்திரண்டு வருஷமாக, எத்தனை பேர் கூடியிருந்தாலும், "நம்ம மாப்பிள்ளைக்குப் புத்தகமும் செங்கல்லும் ஒண்ணு" என்பார். இவன் சிரித்துவிடுவான். இவன் மனைவிதான் வீடு வந்து சேரும்வரை வாயைத் திறக்கமாட்டாள்.

ஒருநாள் இவனுக்கே வீம்பு வந்துவிட்டது. "மச்சான், நீங்க படிச்சதிலேயே உசத்தியானது எதுவோ, அதைக் குடுங்க."

அவர் எடுத்துக் கொடுத்தது ஒரு பழைய மர்ம நாவல். மலைமேல் பாழடைந்த மாளிகை, அதில் பேய்.

"பதினோரு தடவை படிச்சிருக்கேன். கடைசி அத்தியாயம் வரைக்கும் ஒருத்தனாலும் கண்டுபிடிக்க முடியாது. மயிர்க்கூச்செறியும் மாப்பிள்ளை!"

பெரிய ஆசையோடு ஆரம்பித்தான். மதிய இடைவேளையில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தான். சிலந்தி வலை வந்தது, மெழுகுவர்த்தி அணைந்தது, பூட்டிய மாடியில் காலடி கேட்டது. முழங்கையைத் தடவிப் பார்த்தான். மயிரெல்லாம் நிம்மதியாகப் படுத்துக் கிடந்தது.

நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டில் சாப்பாடு.

"என்ன மாப்பிள்ளை, தூக்கம் போச்சா?"

"நல்லாத் தூங்கினேன் மச்சான். ஆமா, செத்துட்டதாச் சொல்ற அந்த மாளிகைக்காரனோட அண்ணன் மாடியில உசிரோடதானே இருக்கான்?"

மச்சானின் கரண்டி பாதி வழியில் நின்றது. "கடைசிப் பக்கத்தைப் பாத்துட்டீங்களா? இது திருட்டுப் படிப்பு!"

இவன் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். செங்கல்லைத் தாங்கினவனுக்குத் திருட்டைத் தாங்க முடியவில்லை. பக்கத்தைப் பிரித்து நீட்டினான்.

"இதுக்கு மேல நான் போகவே இல்ல. படிங்க. வேலைக்காரி பூட்டின மாடிக்குத் தினம் ரெண்டு வாளித் தண்ணி தூக்குறா. அங்க செடியா இருக்கு, மாடா இருக்கு? பேய் எதுக்கு மச்சான் குளிக்கணும்? ரெண்டு வாளின்னா அது ஆம்பளை. பொம்பளைன்னா மூணு."

"அதென்ன கணக்கு?" என்றாள் மச்சானின் மனைவி.

"முடி அலசணும்ல அக்கா."

மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். திரும்பவும் படித்தார். பதினோரு தடவை அந்த வாளிகளைத் தாண்டிப் போயிருக்கிறார், ஒரு தடவைகூடக் கால் இடறவில்லை.

"இன்னும் எங்கெங்க இப்படி இருக்கு?" என்றார், குரல் இறங்கி.

"படிச்சாத்தானே தெரியும்."

நாற்காலியை இவன் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "சத்தமாப் படிங்க."

நாற்பத்து நாலில் இருக்கும்போது யாரோ போன் செய்தார்கள். "அப்புறம் பேசு. நானும் மாப்பிள்ளையும் படிச்சிட்டிருக்கோம்" என்று வைத்துவிட்டார்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் இவன் மனைவிதான். அந்த "நானும் மாப்பிள்ளையும்" என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னாள்.