வேலி மட்டும் தெளிவாக விழுந்த படம்

நான் பத்தாவதோடு நின்றவன். எழுத உட்கார்ந்ததே அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னிக்க வேண்டும். ஒருவரிடம் வாயால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதால் எழுதுகிறேன்.

என் டிஜிட்டல் கேமராவில் ஃபிலிம் காலத்து லென்ஸ் ஒன்றைப் பொருத்தியிருந்தேன். நல்ல கனம். தானாக ஃபோகஸ் செய்யாது. கையால் வளையத்தைத் திருப்பித்தான் தெளிவுக்குக் கொண்டுவர வேண்டும். ஷிஃப்ட் முடிந்து வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது வேலியோரப் பூக்களை எடுப்பேன். ஆட்களை எடுக்கக் கூச்சம்.

"இன்னாண்ணா, கேமராவா இது? அம்மிக் குழவி மாறி கீது," என்பார் பஸ் டிரைவர்.

ஒருநாள், எங்கள் லைனில் வேலை செய்த தென்காசிப் பக்கத்துப் பெண் வேலிக்கு முன்னால் வந்து நின்றாள். "என்னைய ஒண்ணு எடுங்கண்ணே. எங்கப்பாக்கு அனுப்பணும்."

வளையத்தைத் திருப்பினேன். மங்கலிலிருந்து முகம் மெல்ல எழுந்து வந்தது. ஒரு கணம் இமைமுடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. கண்கள் நேராக என்னைப் பார்த்தன. எனக்கு யாரையும் அப்படிப் பார்த்துப் பழக்கமில்லை. விரல் வளையத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிவிட்டது. அப்படியே அழுத்திவிட்டேன்.

"எவ்ளோ நேரம்ணே திருப்புதீய? பஸ்ஸு வந்துட்டு!" என்று ஓடினாள்.

வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னாலிருந்த கம்பிவேலியின் ஒவ்வொரு முள்ளும் தெளிவு. அவள் முகம் கலங்கியிருந்தது. அடுத்த வாரம் மறுபடி எடுக்கலாம் என்று விட்டேன். அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் இறந்துபோனாள்.

காரியம் முடிந்ததும் ஹாஸ்டலில் இருந்த அவள் பெட்டியை எடுத்துப்போக அவள் அப்பா வந்தார். அவள் போனின் பூட்டை யாராலும் திறக்க முடியவில்லையாம். கம்பெனி அட்டையில் இருந்தது நகத்தளவுப் படம். சட்டம் போட்டு மாட்ட ஒன்று வேண்டும் என்றார். நான் எடுத்திருந்ததை அவளுடைய அறைத்தோழி சொல்லியிருக்கிறாள். பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கண்ணாடிய ஊர்ல வச்சிட்டு வந்துட்டேன், தம்பி. எனக்குத்தான் சரியாத் தெரியல. போயிப் பாத்துக்கிடுதேன்."

படம்தான் அப்படி என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவளுடைய சுடிதார்களுக்கு நடுவே மடங்காமல் வைத்துப் பெட்டியை மூடினார்.

அவள் முகம் தெளிந்த அந்தக் கணத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். இப்போது பூவை எடுக்க வளையத்தைத் திருப்பினாலும், மங்கலிலிருந்து முதலில் அந்தக் கண்கள்தான் வருகின்றன.

பெட்டியோடு கிளம்பியவர் மறுநாள் விடிவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்து, கண்ணாடியைப் போட்டிருப்பார். எனக்கு முதல் ஷிஃப்ட். போனேன்.