குடை சொன்னதைக் கிழித்தவர்

என் கட்டுரையைக் கிழித்தவர் நீங்கள்தான், சார். ஈரக் குடைத்துணியின் பூஞ்சை நாற்றம் எங்கே வந்தாலும், தாள் கிழிகிற அந்தச் சத்தமும் எனக்குக் கூடவே கேட்கிறது.

வாசகர்களுக்கு விவரம் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், கோலசிலாங்கூர்ப் பக்கம் ஓர் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆறாம் ஆண்டு படித்தேன். ஆசிரியர் எழுதிப்போட்ட "தன்கதை"களை வரி பிசகாமல் மனப்பாடம் செய்வதுதான் எங்களுக்குக் கட்டுரைப் பாடம். பேனாவோ சைக்கிளோ குடையோ, எதுவானாலும் தொழிற்சாலையில் பிறக்கும், கடைக்கு வரும், ஒரு முதலாளியிடம் உழைக்கும், கடைசியில் குப்பைமேட்டில் கிடந்து கண்ணீர் விடும். "எங்க முடியப்போவுதுன்னு தெரியாம பேனாவத் தொடாதீங்க" என்பார்.

அந்த வருடம் அம்மா வீட்டில் இல்லை. பத்தாங் காலியில் சித்தி வீட்டுக்குப் போயிருப்பதாக அப்பா சொன்னார். "தீவாளிக்கு வந்துரும், சும்மா நச்சரிக்காத" என்று சொல்லிவிட்டுக் செம்பனைக் குலை ஏற்றும் லோரி வேலைக்குப் போய்விடுவார். பள்ளி விட்டு வந்தால் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் நானும், கதவோரம் ஆணியில் தொங்கிய அம்மாவின் கறுப்புக் குடையும்தான்.

சோதனையில் "நான் ஒரு குடை" வந்தது. தொழிற்சாலை, கடை எல்லாம் ஒழுங்காக எழுதினேன். முதலாளியம்மா வந்ததும் மனப்பாடம் நின்றுபோனது. அடுத்த வரி என்னவென்று தெரியாமலே கை ஓடியது. "அன்று நல்ல மழை. பஸ்ஸுக்குக் கிளம்பியவள், பிள்ளைக்கு வேண்டும் என்று என்னை ஆணியில் மாட்டிவிட்டு நனைந்துகொண்டே போனாள். திரும்பி வருகிறவள் அப்படிச் செய்யமாட்டாள்." எழுதிய பிறகுதான் அதைப் படித்தேன். அம்மா வரப்போவதில்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த வரிதான் சொன்னது. பயமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. குடை இன்னும் என்னதான் சொல்லும் என்று பார்க்க, மேலும் ஒரு பக்கம் எழுதினேன்.

"குப்பமேடு எங்க? நான் குடுத்தது எங்க? இதெல்லாம் குடைக்கு எப்படித் தெரியும்?" என்று ஆசிரியர் என்னை வகுப்பின் முன்னால் நிற்கவைத்துக் கேட்டார்.

"குடையே அழுவுது சார், அதுக்கு யாரு குடை புடிக்கிறது லா?" என்றான் பின்வரிசை முனியாண்டி. வகுப்பு சிரித்தது. ஆசிரியரும் சிரித்துக்கொண்டே தாளை நான்காகக் கிழித்தார். மறுநாள் துண்டுகளைத் தேடிப் போனேன், குப்பையை எரித்திருந்தார்கள்.

தீபாவளிக்கு அம்மா வரவில்லை. பிறகும் வரவில்லை. நான் குப்பைமேட்டில் முடிகிற கட்டுரைகளாக எழுதி நல்ல புள்ளிகள் வாங்கினேன். அதற்குப்பின் முடிவு தெரியாத எதையும், ஒரு கடிதத்தைக்கூட, எழுதத் தொடங்கியதில்லை. இதுதான் முதல்.

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. பணி ஓய்வு பெற்ற அதே ஆசிரியர் கோலசிலாங்கூரில் சிறுகதைப் பட்டறை நடத்துகிறாராம். அவர் படத்துக்குக் கீழே, "முடிவு தெரியாமல் எழுதுங்கள். எழுத்து உங்களையே திடுக்கிட வைக்கட்டும்" என்று போட்டிருந்தார்கள். சரியான பேச்சுதான். அது சரியென்று பன்னிரண்டு வயதிலேயே எனக்குத் தெரியும். அதனால்தான் வயிறு எரிகிறது.

லயத்தை இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது கேட் போட்ட வீடுகள் நிற்கின்றன. குடையும் கம்பி துருப்பிடித்து எப்போதோ போய்விட்டது. அந்தத் தாளை முழுதாகப் படித்தது இரண்டே பேர். அதில் ஒருத்தி நான். "அப்படிச் செய்யமாட்டாள்" என்ற வரிக்குப் பிறகு என்ன எழுதினேன் என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்கு ஒரு சொல்கூட நினைவுக்கு வருவதில்லை.

சனிக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன், சார். மைக்கைப் பிடித்ததும், எல்லார் முன்னாலும் முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்: அந்தக் குடை அதற்கப்புறம் என்ன சொன்னது?