மாத்திரை என் புத்தியைத் தின்றுவிடவில்லை

மாரியம்மனை நம்பும் எல்லாருக்கும் சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. நான் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவன்.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் டீ மேக்கர் வேலை. அரைத்த இலை நொதிக்கும்போது முகர்ந்து பார்த்து, "போதும், டிரையருக்குத் தள்ளு" என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் தூள் புளித்துப்போகும். தேயிலை விலை விழுந்து, வாரத்தில் மூன்று நாள் மட்டும் மெஷின் ஓடிய காலம் அது. எனக்குத் தூக்கம் போனது. சோறு இறங்கவில்லை. செத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. குன்னூரில் ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இரண்டாவது வாரமே ஒரு நாள் இலையின் பதத்தைக் கோட்டை விட்டேன்; தூள் புளித்துப்போனது. "இன்னொருக்கா இப்படி ஆனா வேற ஆளைத்தான் பாக்கோணுமுங்க" என்றார் முதலாளி.

என் மனைவியின் அண்ணன் இதைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, அந்த மாத்திரை மூளையை மழுங்கடிச்சுப் போடுமுங்க. ரெண்டு வருசம் போனா உங்க பேரே உங்களுக்கு மறந்துரும்."

பயந்துபோனேன். புத்தி போய்விட்டால் எனக்கென்ன இருக்கிறது? மாரியம்மன் கோயிலில் பூ கேட்கலாம் என்று அவரே சொன்னார். வெள்ளைப் பூ வந்தால் மாத்திரையைத் தொடர வேண்டும், சிவப்பு வந்தால் நிறுத்த வேண்டும். இரண்டு பொட்டலத்தையும் அவரே மடித்துச் சன்னதியில் வைத்தார். நான் ஒன்றை எடுத்தேன். சிவப்பு. மற்றதைப் பிரிக்காமல் என் மனைவி வீட்டுச் சாமி மாடத்தில் வைத்தாள்.

அன்றே மாத்திரையை நிறுத்தினேன். ஐயோ, அந்தப் பத்து நாள்! தலை சுற்றல், நடுக்கம், காரணமில்லாத அழுகை. எந்த இலையை எப்போது போட்டோம் என்பதுகூட நினைவில்லை. மாடத்தின் முன் விழுந்து கதறினேன்: "ஆத்தா, என் புத்தியைக் காப்பாத்து. எது உண்மைன்னு காட்டு!"

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாடத்தைத் துடைத்த மனைவி காய்ந்த பொட்டலத்தைப் பிரித்தாள். அதிலும் சிவப்பு!

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். "ஏனுங்ண்ணா, ஆத்தாளையே ஏமாத்துனீங்களா? இந்த மனுசன் செத்திருந்தா நான் யாரைக் கேக்கறது?" அவர் தலை குனிந்து, "நல்லதுக்குத்தானே பண்ணுனேன்" என்றார்.

அன்றே குன்னூருக்குப் போனோம். டாக்டர் திட்டினார். "மொதல்ல உங்க கவனத்தைக் கெடுத்தது நோய். மாத்திரையில சிலருக்கு மந்தமா இருக்கும், அதுக்கு அளவை மாத்தித் தர்றேன். மறதி வந்தா எங்கிட்ட வந்து சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க."

அளவை மாற்றினார். மெல்ல மெல்லத் தெளிந்தேன். வேலையும் தங்கியது. ஆண்டுகள் ஓடிவிட்டன, இன்னும் மாத்திரை சாப்பிடுகிறேன். தப்பே செய்வதில்லை என்று சொல்லமாட்டேன், எல்லா மனிதரையும் போலத்தான் செய்கிறேன். "பைத்தியத்துக்கு மருந்து" என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்கள் பேசட்டும். அவர்கள் முன்னால்தான் கோயிலில் தீர்த்தம் வாங்கி மாத்திரையை விழுங்குகிறேன்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படித் தவித்தால் ஆத்தாளிடம் அழுங்கள், டாக்டரிடமும் கூட்டிப் போங்கள். அவள் கைவிடமாட்டாள். என் மூளை மழுங்கிவிட்டதா என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் காலை ஆறு மணிக்கு ஃபேக்டரிக்கு வரலாம். நான் அங்கேதான் இருப்பேன்.