பச்சைத் தொப்பி போட்ட மார்பரிக்காரி

ஒலீட்டா என்ற பேரை நான் முதன்முதலாகக் கேட்டது என் மாமியார் வாயிலிருந்து. இரண்டு பேரும் பின்வாசல் படியில் உட்கார்ந்து காராமணி உரித்துக்கொண்டிருந்தோம்.

"க்ளியான் ஒரு பொண்ணப் பாத்து வச்சிருக்கானாம். பேரு ஒலீட்டாவாம்" என்றார்.

"நல்ல பேராத்தான இருக்கு அத்தை."

"பேரு நல்லாத்தான் இருக்கு. மார்பரிக்காரியாம்."

மடியிலிருந்த தொலியை உதறிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். மிச்சக் காராமணியை நான்தான் தனியாக உரித்தேன்.

எங்கள் வீடு டாலிவர் கல்லூரி வீடு. அங்கே போய்ப் படித்தவர்கள் என்று எங்களில் ஒருவரும் கிடையாது. நானே எட்டாவதோடு நின்றவள். என் மாமனார் அந்தக் கல்லூரியின் கொதிகலனுக்கு ஆயுள் முழுக்கக் கரி அள்ளிப் போட்டவர். அங்கே படித்துப் பெரிய ஆளானவர்கள் எல்லாரும் தான் மூட்டிய சூட்டில் குளிர் காய்ந்தவர்கள் என்பார். அதனால் எங்களுக்குப் பச்சை நிறம். மார்பரி கல்லூரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். அவர்களுக்கு அரக்கு நிறம். ஒலீட்டாவின் அப்பா அங்கே மாணவர் விடுதிக்குச் செங்கல் அடுக்கிய கொத்தனார். அலபாமாவில் எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒருவன் எந்தக் கல்லூரிக்காகக் கத்துகிறான் என்று கேட்டால் போதும், அவன் தாத்தா எங்கே வேர்வை சிந்தினார் என்று சொல்லிவிடலாம்.

என் மாமியாருக்கு மூன்று பையன்கள். மூத்தவர் லூஷியஸ் அத்தான், தபால் வண்டி ஓட்டியவர். நடுவில் என் வீட்டுக்காரர். கடைசி க்ளியான், வாயில்லாப் பூச்சி. கல்யாணம் முடிந்த நாளிலிருந்து க்ளியான் பச்சையும் போடவில்லை, அரக்கும் போடவில்லை. ஆட்டத்தன்று பழுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மீன் பொரிக்கும் சட்டிக்குப் பின்னால் நின்றுகொள்வான். கடைசி வரைக்கும் அப்படியே நின்றான்.

நவம்பர் மாதக் கடைசி சனிக்கிழமை இரண்டு கல்லூரிக்கும் ஆட்டம், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற எங்கள் ஊர்க் கால்பந்து. காலையிலேயே மைதானத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் வண்டிகளை நிறுத்தி அடுப்பு மூட்டிவிடுவோம். குடும்பம் ஒன்று என்பதால் சட்டி ஒன்றுதான். கூடாரம் மட்டும் இரண்டு, ஒன்று பச்சை, ஒன்று அரக்கு. அரக்குக் கூடாரத்தில் முதல் வருஷம் ஒலீட்டா ஒருத்தி மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். புது மணப்பெண். பயந்து ஒடுங்கிப்போய் இருப்பாள் என்று நான் இனிப்புக் கிழங்குப் பணியாரத்தை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு போனேன். அவள் மேஜையில் பொரித்த கோழிக்கால்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது எங்க தடுப்பு அத்தான்" என்று லூஷியஸ் அத்தானைப் பார்த்துச் சொன்னாள். "முன்வரிசை நாலு பேரு. பின்னால இவங்க மூணு பேரு. இதைத் தாண்டி உங்காளு பந்தை எப்படிக் கொண்டுபோவான்னு காட்டுங்க பாப்போம்."

அவர் ஒரு கோழிக்காலை எடுத்துக் கடித்தார். "இப்படித்தான். உங்க முன்வரிசையில ஒருத்தன் காலி."

ஒலீட்டா என் தட்டிலிருந்து ஒரு பணியாரத்தை எடுத்தாள். "இது உங்க ஆட்டக்காரன். நெய்யும் சர்க்கரையும் ஜாஸ்தி. ரெண்டடி ஓடுனா மூச்சு வாங்கும்." வாயில் போட்டுக்கொண்டாள்.

அன்று முதல் அதுவே வழக்கமாகிப்போனது. ஆட்டத்துக்கு முன்னால் அவர்கள் இரண்டு பேரும் வாயாடாவிட்டால் மீன் வேகாது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பக்கத்துக் கூடாரக்காரர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறவனைப் பற்றித்தான் மற்றவர்கள் பேசுவார்கள். ஒலீட்டா அவனைப் பற்றிப் பேசவே மாட்டாள். "ஓடுறவன ஊரே பாக்கும் அக்கா. அவனச் சாய்க்கிறவனத்தான் நான் பாப்பேன்" என்பாள்.

ஆட்டம் முடிந்தாலும் கதை முடியாது. மறுநாள் ஞாயிறு. தோற்ற பக்கத்துக்காரர்கள் ஜெயித்தவர்களின் நிறத்தில் ஏதாவது ஒன்றை அணிந்துகொண்டு சபைக்கு வந்து முன்வரிசை பெஞ்சில் உட்கார வேண்டும். எங்கள் மவுண்ட் நெபோ சபையில் இதை யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. பாஸ்டர் வேறு மாநிலத்தில் படித்தவர். அதை நாங்கள் மன்னித்துவிட்டோம். அவரும் அன்றைக்குத் தாழ்மையைப் பற்றித்தான் பிரசங்கம் செய்வார். லூஷியஸ் அத்தான் அரக்கு டை கட்டி உட்கார்ந்த வருஷங்களும் உண்டு. ஒலீட்டா பச்சைக் கைக்குட்டையை இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்த வருஷங்களும் உண்டு.

க்ளியானுக்கும் ஒலீட்டாவுக்கும் ஒரே பையன், ரோஸ்கோ. எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலைப் படிக்கவென்று மிதித்த முதல் பிள்ளை. இரண்டு கல்லூரியும் தங்கள் அணிக்கு ஆட அவனைக் கேட்டன. லூஷியஸ் அத்தான் பச்சைச் சட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு தானே அவன் வீட்டுக்கு நடந்து போனார். பையன் மரியாதையாக வாங்கிக்கொண்டான், தேநீர் போட்டுக் கொடுத்தான், பிறகு மார்பரியில் சேர்ந்தான். அத்தான் அந்த மாதம் முழுக்க க்ளியானோடு பேசவில்லை. ஆனால் மார்பரி ஆட்டங்களை வானொலியில் ஒன்று விடாமல் கேட்டார். ஏன் என்று கேட்டால், "எதிரியோட பலம் தெரிய வேணாமா?" என்பார்.

மார்பரி தடுப்பில் ரோஸ்கோ கடைசிக் காவல். முன்னால் நிற்கிற எல்லாரையும் தாண்டி ஒருவன் பந்தோடு வந்துவிட்டால் அவனை மறித்துச் சாய்க்க வேண்டியது ரோஸ்கோ ஒருவன்தான். அவன் தவறவிட்டால் போனது போனதுதான்.

அவனுடைய கடைசி வருஷ ஆட்டம் வந்தது. அன்று காலை ஒலீட்டா வழக்கம்போலக் கோழிக்கால்களை அடுக்கினாள். ஆனால் கை அவ்வளவு சுறுசுறுப்பாக இல்லை. நான் கவனித்தேன், தூக்கமில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

லூஷியஸ் அத்தான் பீடிகை போடாமல் ஆரம்பித்தார். "உங்க முன்வரிசை கனம்தான், ஒத்துக்கிறேன். அதுக்குப் பின்னால யாரு?"

"தெரியாத மாதிரி கேளுங்க. உங்க தம்பி மவன்தான்."

"அவந்தான் எனக்குச் சந்தேகமா இருக்கு தாயி. இந்த வாரம் பயிற்சியில அவன் ஒருத்தனையும் இடிக்கலையாமே. ஓரமா நின்னு தண்ணி குடிச்சிட்டே இருந்தானாம்."

"உங்களுக்கு யார் சொன்னா?"

"ஆத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்தும் எனக்குத் தபால் வரும். எங்காளு பெரிய உருப்படி. உம் மவன் அவன் படத்தப் பாத்தே பயந்துட்டானோ என்னவோ."

கூட்டம் சிரித்தது. ஒலீட்டாவுக்கு முகம் மாறியது. மகனைக் கோழை என்று சொன்னால் எந்தத் தாய்க்குப் பொறுக்கும்?

"பயமா? எம் மவனுக்கா? இடது தோள்ல கட்டுப் போட்டுக்கிட்டு, மத்த ஒத்தத் தோளாலயே உங்காள மல்லாக்கப் படுக்க வைப்பான், பாத்துக்கிட்டே இருங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. க்ளியான் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

அடிபட்ட ஆட்டக்காரனை எந்தக் கல்லூரியும் வெளியே சொல்லாது. சொன்னால் எதிரணி அந்தப் பக்கமாகவே திரும்பத் திரும்ப ஓடி, அடிபட்ட இடத்திலேயே இடிக்கும். ரோஸ்கோவின் தோளுக்கு என்ன ஆகும் என்பது ஒன்று, ஆட்டம் என்ன ஆகும் என்பது ஒன்று. இரண்டையும் ஒலீட்டா பச்சைக் கூடாரக்காரர்கள் முன்னால் போட்டு உடைத்துவிட்டாள். அதுவும் யார் காதில்? லூஷியஸ் அத்தானின் மகள் நெட்டி அங்கேதான் நின்றாள். அவள் புருஷன் வெர்னன் டாலிவர் அணியின் துணைப் பயிற்சியாளன்.

நெட்டி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். மைதான வாசலைப் பார்த்து ஓரடி எடுத்து வைத்தாள்.

"நெட்டி, நீ உக்காரு" என்றார் அத்தான். "நான் போறேன்."

அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒலீட்டா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். கெஞ்சவில்லை, அழவில்லை. நேராக நின்றாள்.

"சொல்றதுன்னா சரியாச் சொல்லுங்க அத்தான். இடது தோள். எலும்பு முறியல, டாக்டர் பாத்துட்டு ஆடலாம்னுட்டார். இதையும் சேத்துச் சொல்லுங்க. அவன் நின்ன எடத்துலதான் நிப்பான். ஒதுங்கிப் போக மாட்டான்."

அவர் தலையை ஆட்டினார். பொரித்த மீன் துண்டுகள் நாலைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வெர்னன் வந்தான். இரண்டு பேரும் தலை குனிந்து பேசுவதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். ஒலீட்டாவும் பார்த்தாள். கோழிக்கால்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் திரும்ப வைத்தாள். அன்றைக்கு அதற்கு மேல் யாரும் வாயாடவில்லை.

ஆட்டம் தொடங்கியது. அன்று மட்டும் நான் மார்பரி பக்கம் போய் ஒலீட்டாவோடு உட்கார்ந்தேன், பச்சைத் தொப்பியோடுதான். ஒவ்வொரு முறை டாலிவர் பந்தை எடுத்தபோதும் அவள் விரல் என் மணிக்கட்டில் இறுகியது. அவர்கள் வலது பக்கம் ஓடினார்கள், நடுவில் ஓடினார்கள், தலைக்கு மேல் எறிந்தார்கள். ரோஸ்கோவின் இடது தோளைத் தேடிக்கொண்டு யாரும் வரவில்லை.

"என்னக்கா இது?" என்றாள் பாதி ஆட்டத்தில். "கடைசிக்கு வச்சிருக்காங்களா?"

எனக்கு என்ன தெரியும்?

கடைசி நிமிஷங்களில் மார்பரி மூன்று புள்ளி முன்னால் இருந்தது. டாலிவரின் அந்தப் பெரிய உருப்படி முன்வரிசையைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டான். அவனுக்கும், தாண்டினால் டாலிவர் ஜெயித்துவிடும் எல்லைக் கோட்டுக்கும் நடுவில் ரோஸ்கோ மட்டும்தான். டாலிவர் பக்கம் மொத்தமும் எழுந்து நின்றது. நானும் டாலிவர்க்காரிதான், என்றாலும் நான் எழவில்லை. பையன் ஒதுங்கவில்லை. உடம்பைத் திருப்பி வலது தோளைக் கொடுத்தான். இரண்டு பேரும் ஒன்றாக விழுந்தார்கள். எழுந்தபோது பெரியவன் ரோஸ்கோவின் தலைக்கவசத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். மார்பரி ஜெயித்தது.

ஒலீட்டா கத்தவில்லை. "பாத்தீங்களாக்கா" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது அவள் உட்கார்ந்திருந்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவள் அப்பா அடுக்கிய விடுதிச் சுவர் அப்படித்தான் நிமிர்ந்து நிற்கும்.

சாயங்காலம் கூடாரத்தைப் பிரிக்கும்போது வெர்னன் வந்தான். தன் மாமனார் லூஷியஸ் அத்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ரோஸ்கோவுக்குத் தோள்ல கட்டு இருந்திருக்கு மாமா. கடைசியில சட்டை விலகினப்பதான் பாத்தோம். முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஆட்டம் முழுக்க அந்தப் பக்கமே ஓடியிருப்போம்" என்றான்.

"அப்படியா" என்றார் அத்தான்.

"நீங்க வாசலுக்கு வந்தப்பகூட ஒண்ணும் சொல்லலையே."

"சாப்பிட்டியான்னு கேக்க வந்தேன். ஆட்டத்தன்னைக்கு நீ வெறும் வயித்தோட நிப்பேன்னு நெட்டி சொல்லுவா."

நெட்டி அப்பாவை முறைத்தாள். ஒலீட்டா நாற்காலியை மடித்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. வெர்னன் போன பிறகு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"ஏன் அத்தான்?"

"எம் மேல என்னம்மா கோவம்?"

"ஏன் சொல்லல?"

அவர் பல் குத்திக்கொண்டே ஆற்றுப் பக்கம் பார்த்தார். "உன் வாயிலேர்ந்து தவறி விழுந்தத பொறுக்கி ஜெயிச்சா, அடுத்த வருஷம் உன் எதிர்ல உக்காந்து நான் எப்படி வாயாடுறது? அதோட, அவன் என் தம்பி மவன். தோள் எங்க வீட்டுத் தோள்தான்."

மறுநாள் காலை நான் அரக்குச் சால்வையைத் தேடிக்கொண்டிருந்தேன். தோற்றது நாங்கள் அல்லவா? யாரோ கதவைத் தட்டினார்கள். ஒலீட்டா.

"அக்கா, உங்க பச்சைத் தொப்பியக் குடுங்க."

"உனக்கெதுக்குடி? ஜெயிச்சது நீங்க."

"ஆட்டத்துல ஜெயிச்சது எம் மவன். பேச்சுல தோத்தது நான். தடுப்பப் பத்திப் பேச வந்தவ, எங்க தடுப்பப் பூராத் தொறந்து விட்டேன். பெஞ்சுல உக்காரணும்ல?"

என்னிடம் இருந்ததிலேயே நல்ல தொப்பி அது. முன்னால் இறகு வைத்தது. அதைப் போட்டுக்கொண்டு அவள் மவுண்ட் நெபோ நடைவழியில் வந்தபோது பாடகர் குழுவே பாட்டில் ஒரு வரியைத் தவறவிட்டது. மார்பரிக்காரர்கள் அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசை பெஞ்சில் லூஷியஸ் அத்தான் அரக்கு டையோடு உட்கார்ந்திருந்தார். நகர்ந்து இடம் கொடுத்தார்.

"பச்சை உனக்கு எடுப்பா இருக்கு தாயி."

"ரொம்ப நேரம் போட மாட்டேன் அத்தான். கண்ணு கூசுது."

பாஸ்டர் அன்றும் தாழ்மையைப் பற்றித்தான் பேசினார். அந்த பெஞ்சில் தாழ்மையாக யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. இரண்டு பேரும் ராஜா ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த நவம்பரில் லூஷியஸ் அத்தான் அவளுடைய கோழிக்கால்களில் இரண்டைச் சாப்பிட்டார். அதற்குப் பிறகும் நிறைய வருஷங்கள் சாப்பிட்டார். அந்தத் தொப்பியை அவள் இரண்டாவது முறை போட்டது அவருடைய அடக்கத்தன்று.

ஒலீட்டா இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரோஸ்கோ வீட்டுக் கீழ் அறையில் இருக்கிறாள். அவன் அங்கே பள்ளிக்கூடப் பையன்களுக்கு ஆட்டம் பழக்குகிறான், தடுப்பு மட்டும். அவளுக்குக் காது மந்தம், முழங்கால் மடங்குவதில்லை. என் தொப்பி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.