வயலுக்குள் போன ஜீப்

சேற்றில் ஜீப் போன தடத்தைப் பார்த்தாலே ஓட்டியவன் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுவேன். பயந்தாங்கொள்ளி நின்று நின்று போயிருப்பான்; நின்ற இடமெல்லாம் குழி இருக்கும். அவசரக்காரன் திருப்பத்தில் வரப்பை உடைத்திருப்பான். இந்தக் கெட்டிக்காரத்தனம் போட்டி மைதானத்துக்கு வெளியே எனக்கு ஒரே ஒரு நாள்தான் பயன்பட்டது. அன்றைக்கு அது எனக்கு இல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜீப் எனக்கும் என் சிநேகிதனுக்கும் பொது. அவன் ஊர் வடிகாலுக்கு அந்தப் பக்கம், எங்கள் ஊர் இந்தப் பக்கம். மயிலாடுதுறைக்குத் தொழிற்கல்வி படிக்க ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனதில் ஒட்டிக்கொண்டவன். அவன் வீட்டுக்குச் சொந்தப் பட்டா நிலம். எங்களுக்குக் கோயில் நிலம், தாத்தா காலத்திலிருந்து குத்தகை. இந்த வித்தியாசத்தை அவனும் நானும் ஒரு நாளும் பேசியதில்லை. பேசாததால் அது இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏலத்தில் எடுத்த பழைய டீசல் ஜீப் அது. அவன் வீட்டுக் கொட்டகையில் போட்டு ஒரு வருஷம் பிரித்து மேய்ந்தோம். ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி உடம்பைத் தூக்கினோம். தண்ணீருக்குள் இறங்கினாலும் எஞ்சின் மேலேயிருந்து மூச்சு வாங்க, பம்புசெட்டில் மிச்சமான பிவிசி குழாயை முன்கண்ணாடி ஓரமாக ஏற்றிக் கட்டினோம். பின்னால் சின்ன டிராக்டர் டயர். எல்லாவற்றுக்கும் மேலாக, பின் சக்கரம் இரண்டும் எப்போதும் சேர்ந்தே சுற்றும்படி அச்சுக்குள் வெல்டிங் வைத்துப் பூட்டிவிட்டோம். சேற்றில் ஒரு சக்கரம் வெட்டியாகச் சுற்ற, இன்னொன்று வேடிக்கை பார்க்கும் கதை அதோடு முடிந்தது. அதற்குக் கூலியாக, திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம் தரையை இழுத்துக்கொண்டே போகும். தார் ரோட்டில் திருப்பினால் அது போடும் சத்தத்தில் டீக்கடைக்காரர் கிளாஸை வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பார்.

மேட்டிலும் சேற்றிலும் ஜீப் ஓட்டும் போட்டிகள் எல்லாம் கோயம்புத்தூர்ப் பக்கமும் கேரள எல்லையிலும் நடக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்து வண்டி என்றதும் சிரிப்பார்கள். "உங்க ஊர்ல மேடே கிடையாதே, எதுல ஏறிப் பழகுனீங்க?" என்று ஒருவர் கேட்டார். நாங்கள் ஏறிப் பழகவில்லை, இறங்கிப் பழகினோம். சேற்றுச் சுற்று வந்தால் சிரித்தவர்களின் விலை உயர்ந்த வண்டிகளை நாங்கள்தான் கம்பி கட்டி இழுத்து வெளியே விடுவோம்.

நான் ஓட்டுவேன். அவன் முன்னால் இறங்கி நடந்து, தரையைக் காலால் அழுத்திப் பார்த்து, கையைக் காட்டுவான். ஓட்டுகிறவன் தரையைப் பார்க்கக் கூடாது, கையை மட்டும்தான் பார்க்க வேண்டும். இதுதான் இந்த ஆட்டத்தின் முதல் பாடம். அவன் கை இடது என்றால் இடது. எதிரே பள்ளம் போலத் தெரிந்தாலும் இடதுதான். நான்கு வருஷத்தில் அந்தக் கை ஒரு முறைகூடத் தப்பாகக் காட்டியதில்லை. ஒரு போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினோம். அம்மா அந்தக் கப்பில் மோட்டார் கொட்டகைச் சாவியைப் போட்டு வைத்தார்.

தரை பார்க்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். அதுவும் எங்கள் வயலில்தான். வருஷா வருஷம் சேறடித்த வயலில் முழங்கால் ஆழத்துக்குக் கீழே ஒரு கெட்டித் தரை இருக்கும். அது வண்டியைத் தாங்கும். ஆனால் எங்கள் வயலின் வடக்கு மூலை உளை. ஒரு காலத்தில் குட்டையாக இருந்து தூர்ந்த இடம். அங்கே அடியே கிடையாது, மாடு இறங்கினால் கயிறு போட்டுத்தான் தூக்க வேண்டும். வைகாசியில் வயல் சும்மா கிடக்கும்போது தண்ணீர் கட்டி, மூங்கில் கழியால் குத்திக் குத்தி அவனுக்குக் காட்டினேன். வடிகால் கரையில் நாங்கள் வெட்டிய சரிவிலிருந்து பதினைந்து அடி நேராக, பிறகு உளையை வலப்பக்கம் விட்டு இடதாக ஒடித்து, மேட்டு வரப்பை ஒட்டியே போக வேண்டும். ஒரு முழம் வலது பக்கம் தள்ளினால் வண்டி போச்சு. "வயல ரேஸ் மைதானம் ஆக்கிட்டான்" என்று அப்பா முணுமுணுப்பார். சித்திரை, வைகாசியில் மட்டும்தானே என்று விட்டுவிட்டார்.

நான்கு வருஷம் கழித்துத்தான் குழாய் வந்தது. வயலுக்கு அடியில் எரிவாயுக் குழாய் பதிக்கிறார்கள், அளந்து கல் நடப் போகிறார்கள் என்றார்கள். கல் நட்டால் அந்தப் பட்டை நிலத்தில் பயிர் வைக்க முடியாது. பட்டாக்காரனுக்காவது நஷ்ட ஈடு என்று ஏதோ கையில் வரும். குத்தகைக்காரனுக்கு வரப்பில் நின்று பார்க்கும் உரிமை மட்டும். கோட்டையில் எந்தக் கட்சி இருக்கிறதோ அது பொறுமையாக இருக்கச் சொல்லும், எதிரே இருக்கும் கட்சி எங்களோடு வரப்பில் உட்காரும். ஆட்சி மாறினால் இரண்டும் இடம் மாறி உட்காரும். நாங்கள் மட்டும் அதே வரப்பில்.

ஊர்க்காரர்கள் கூடி, மதகுக்குப் பக்கத்தில் ரோட்டை ஆளுயரத்துக்கு வெட்டிவிட்டார்கள். இனி எந்த வண்டியும் கல்லைச் சுமந்துகொண்டு ஊருக்குள் வர முடியாது. ஐப்பசியில், நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்த நேரத்தில், தாலுகா ஆபீஸ் முன்னால் மறியல் என்று முடிவானது. வீட்டுக்கு ஒருவர் என்றில்லை, நடக்க முடிந்த எல்லோரும் போக வேண்டும். நான் சிநேகிதனையும் கூப்பிட்டேன். "நீ போயிட்டு வாடா. கியர்ல சத்தம் வருது, இன்னைக்கு அதப் பிரிச்சுப் பாத்துடறேன்" என்றான். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த போட்டிக்கு வண்டி தயாராக இருக்குமே.

பொழுது சாய்வதற்குள் தொண்டை கட்டத் திரும்பி வந்தோம். வயலில் கல் நின்றது. எங்கள் வயலில் ஒன்று, அடுத்தடுத்த வயல்களில் மூன்று, தலையில் மஞ்சள் பூசி. நட்டு இருபது நாள் ஆன பயிரின் நடுவே இரண்டு சக்கரத் தடம்.

வடிகால் சரிவில் தொடங்கி, பதினைந்து அடி நேராக வந்து, உளையை வலப்பக்கம் விட்டு இடதாக ஒடித்திருந்தது. ஒடித்த இடத்தில் உள்பக்கச் சக்கரம் சேற்றைப் பயிரோடு இழுத்துக் குவித்திருந்தது. அதைப் பார்த்த பிறகும் ஒரு நிமிஷம் நான் நம்பவில்லை. எங்கேயாவது தயங்கி நின்ற குழி இருக்கிறதா என்று தடம் நெடுக நடந்து பார்த்தேன். வழி தெரியாத யாரோ வந்து தட்டுத்தடுமாறிப் போனதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே நடந்தேன். ஒரு குழிகூட இல்லை.

எனக்குப் பின்னால் ஊரே வரப்பில் நின்றது. அடுத்த வயல் குத்தகைக்காரி, எனக்கு அத்தை முறை. நடவு ஆட்களை அவர்தான் சேர்த்து நடத்துவார். அவர் வயலிலும் தடம் போயிருந்தது.

"ஒன் வண்டிதானடா?" என்றார்.

"வண்டி என்னுதுதான் அத்தை. நான் உங்களோடதான வந்தேன்?"

"ஆளு வந்தே. வண்டிய அனுப்பிட்டு வந்தியா?"

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

வடிகாலை நீந்தாத குறையாகத் தாண்டி அவன் கொட்டகைக்கு ஓடினேன். ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். மறைக்கக்கூட இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். டயர் இடுக்கில் நாற்று வேர் இன்னும் தொங்கியது.

"குழாய்க்காரங்க ரெண்டு கோடு போட்டிருந்தாங்கடா" என்றான், ஹோஸைக் கீழே வைக்காமல். "ஒண்ணு எங்க பக்கம், ஒண்ணு உங்க பக்கம். எந்தப் பக்கம் மொதல்ல கல்லு நிக்குதோ அந்தப் பக்கந்தான் குழாய்னு சொல்லிட்டாங்க. எங்களுது சொந்தப் பட்டா. உங்களுது போனாலும் கோயிலோடதுதான போவுது?"

நான்கு வருஷம் அந்தக் கையைப் பார்த்து ஓட்டியவன் நான். அந்தக் கையைப் பிடித்து முறுக்க வேண்டும் போல இருந்தது. அதற்குப் பதிலாகக் கெஞ்சினேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. "ஊர்ல நான்தான் செஞ்சேங்கறாங்க. ஒரு தடவ வந்து நீதான் ஓட்டுனேன்னு சொல்லிடு. எனக்கு அது போதும்" என்றேன். ஹோஸைக் கீழே வைத்துவிட்டு, "வரேன்" என்றான். அவ்வளவுக்காவது மிச்சம் இருக்கிறதே என்று நினைத்தேன்.

மறுநாள் காலை சொன்னபடி வந்தான். மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியிருந்தது. கோட்டைக் கட்சிக்காரரும் எதிர்க்கட்சிக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினான்.

"ஓட்டுனது நான்தாங்க. அதுல ஒளிவு மறைவு ஒண்ணும் இல்லங்க. ஆனா அந்த வயல்ல எங்க கெட்டித் தரை, எங்க உளைன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? குச்சி வச்சுக் குத்திக் காட்டுனது அவன்தாங்க. வேணும்னா அவனையே கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அது போட்டிக்காக, நான்கு வருஷத்துக்கு முன்னால், குழாய் என்ற பேச்சே இல்லாதபோது என்று ஆரம்பித்தேன். அத்தை கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கதையெல்லாம் வேணாம். நீ காட்டுனியா, இல்லையா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவனைப் பார்த்தேன். என் கண்ணை நேராகத்தான் பார்த்தான், போட்டியில் பார்ப்பது போலவே.

"காட்டுனேன் அத்தை" என்றேன்.

அடுத்த நாள் மிதிபட்ட வயல்களில் மறுபடி நாற்று நட ஆட்கள் இறங்கினார்கள். அத்தை வயலில் நட்டார்கள், அதற்கடுத்த வயலிலும் நட்டார்கள். எங்கள் வயல் வந்ததும் வரப்போடு தாண்டிப் போனார்கள். அப்பா ஒரு ஓரத்திலும் நான் ஒரு ஓரத்திலுமாக நாங்களே நாற்று முடியை எடுத்துக்கொண்டு இறங்கினோம். சரிவிலிருந்து பதினைந்து அடி, பிறகு உளையை விட்டு இடதாக, அந்தத் தடத்தின் மேலேயே நடந்து கடைசி வரை நட்டேன். ஒரு இடத்தில்கூடக் கால் முழங்காலுக்கு மேல் உள்ளே போகவில்லை. அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.