மருந்தா சத்தா என்று நான் வென்ற மேடை

பழிவாங்குவது எனக்குப் பேச்சைப் போலவே இயல்பாக வரும். எதிராளி தன் வாயாலேயே தோற்கும்வரை காத்திருக்கத் தெரிந்தால் போதும். அந்த மனிதருக்காக நான் ஓராண்டு காத்திருந்தேன்.

அவர் ஆண்டர்சன்பேட்டையில் சத்து டானிக் விற்பவர். எங்கள் பொங்கல் விழாவின் பந்தலை அவர் போட்டுத் தந்ததால், பட்டிமன்ற நடுவர் நாற்காலியும் அவருக்கே போயிற்று. தலைப்பையும் அவரே வைத்தார்: நோயை வெல்வது மருந்தா, சத்தா? சத்தின் பக்கம் நான் பேசினேன். "மருந்து வாடகைக்கு வந்த காவலாளி, சத்தே வீட்டுக்குச் சொந்தக்காரன்" என்றேன். பந்தல் அதிர்ந்தது. தீர்ப்பு எங்களுக்கே. கேடயத்தோடு ஒரு டானிக் பாட்டிலையும் தந்து, "இன்னா பேச்சும்மா. நீ பேசினா பச்சத்தண்ணி கூட வித்துடும்" என்றார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். பாட்டிலை அக்காவிடம் கொடுத்தேன்.

அடுத்த மாதம் அக்காவின் மகளுக்கு நிமோனியா வந்தது. ஒன்றரை வயது. பங்காருபேட்டை மருத்துவர் ஆன்டிபயாடிக் சிரப் எழுதித் தந்தார். இரண்டு நாளில் காய்ச்சல் தணிந்தது. இன்னொரு டானிக் வாங்கப் போன அக்காவிடம் அவர் தன் கடையில் சொல்லியிருக்கிறார்: "ஜுரம் வுட்டுச்சில்ல? இனிமே அந்தக் கசப்பு இன்னாத்துக்கு? உன் தங்கச்சியே சொல்லிச்சே, சத்துதான் சொந்தக்காரன்னு." அக்கா சிரப்பை நிறுத்திவிட்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் குழந்தை பால் குடிக்கவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பின் கீழே குழி விழுந்தது. பங்காருபேட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆக்சிஜன் வைத்த பிறகுதான் மருத்துவர் என் கையிலிருந்த பாட்டிலை வாங்கிப் பார்த்தார்.

"இதைக் குடுத்தது தப்பில்லை. அதை நிறுத்துனதுதான் தப்பு. சத்துக் குறைவா இருந்தா நாங்களே கூடச் சேர்த்து எழுதுவோம். ஆனா நிமோனியாவை இது தீர்க்காதும்மா."

கூடச் சேர்த்து. பட்டிமன்றத்தில் அப்படியோர் அணியே கிடையாது.

ஊசிகள் போட்டு, ஆறு நாள் கழித்துக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அடுத்த பொங்கலுக்கு அவர் நந்திதுர்க்கில் பந்தல் போட்டார். அங்கே என்னை யாரும் அறியார். அதே தலைப்பை வைக்கும்படி நானே போய்க் கேட்டேன், மகிழ்ந்து ஒப்புக்கொண்டார். பந்தல் வாசலில் மேசை போட்டு டானிக் பாட்டில்களை அடுக்கியிருந்தார். இம்முறை நான் மருந்தின் பக்கம். இறுதியில் எதிரணியை விட்டுவிட்டு நடுவரை நோக்கித் திரும்பினேன். ஒரு குழந்தையின் கதையைச் சொன்னேன். கடையில் சொல்லப்பட்ட யோசனையைச் சொல் மாறாமல் சொன்னேன்; 'உன் தங்கச்சி' மட்டும் 'ஒரு பேச்சாளர்' ஆனது. பிறகு கேட்டேன்: "அந்தக் குழந்தைக்கு எதை நிறுத்தியிருக்கக் கூடாது, நடுவர் அவர்களே?"

"ரெண்டும் வேணும்மா. போன வருசம் மேடையில பேசினதே…"

"கேட்டது அதுவல்ல. எதை?"

கூட்டமும் "சொல்லுய்யா" என்றது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மருந்தை" என்றார். மைக் அதைத் தெருக்கோடி வரை கொண்டுபோனது. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, வாங்கிய பாட்டிலை மேசையில் திரும்ப வைத்துவிட்டு வந்தாள். அந்தக் காட்சியின் இனிப்பு இன்னும் என் நாவில் இருக்கிறது.

கீழே இறங்கினேன். மகளை இடுப்பில் வைத்தபடி அக்கா நின்றிருந்தாள்.

"அந்த ஆளு சொல்ல வந்ததை வெட்டிட்டியே. சொந்தக்காரன்னு போன வருசம் பேசினது யாருடி?"

"ஒரு பேச்சாளர் என்று சொன்னேனே."

"அந்த ஒரு பேச்சாளர் எங்க வூட்லதான் டெய்லி சாப்பிடுது."

நன்றியுரை தொடங்கியிருந்தது. மீண்டும் மேடையேறி மைக்கைக் கேட்டு வாங்கினேன். அந்தப் பேச்சாளர் நான்தான். அந்தக் குழந்தை என் அக்கா மகள். என் சொல்லை நம்பித்தான் மருந்து நின்றது என்றேன். யாரும் கைதட்டவில்லை. நடுவர் மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அன்று மாலை முதன்முறையாகச் சிரித்தார்.

சொன்னதற்காக நான் வருந்தவில்லை. அந்தச் சிரிப்பை மட்டும் மன்னிப்பதாக இல்லை.