ஆறாம் பக்கத்தில் ஒரு அரணாக்கயிறு

பிழை திருத்துகிறவளுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். எனக்கோ வாய் சும்மா இருக்காது, எதையும் யாரிடமாவது கேட்டே ஆக வேண்டும். எண்பதுகளின் கடைசியில், பூச்சிமருந்து விஷம் ஏறியவர்களைக் காப்பாற்றும் கையேடு ஒன்று திருத்துவதற்காக வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது. எழுதியவர் ஒரு டாக்டர். ஆறாம் பக்கத்தில், 'உடம்பில் இருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டவும்' என்றிருந்தது. அதில் திருத்த ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு குறுகுறுப்பு. நம் ஊரில் எல்லாவற்றையுமா கழற்றுவார்கள்?

அந்த வாரமே பக்கத்து வீட்டுக்காரர் பருத்திக்கு மருந்தடித்துவிட்டு வந்து வாசலில் சுருண்டு விழுந்தார். வாயில் எச்சில் ஒழுகியது. ஆட்டோவுக்கு ஆள் ஓடியது. கையேட்டில் படித்தபடி நானும் அவர் மனைவியும் கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு, வேட்டியை உருவி, சோப்புத் தேய்த்துத் தண்ணீரை ஊற்றினோம். இடுப்பில் கறுப்பு அரணாக்கயிறு மருந்தில் ஊறி நாறிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோலை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உசுரோட இருக்கறவருக்கு அதைய அறுக்கலாமுங்களாக்கா?"

செத்த பிறகுதான் இடுப்பை வெறுமையாக்குவது வழக்கம். அவள் கண்ணுக்கு நான் எமனாகத்தான் தெரிந்திருப்பேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, பயமும்தான். கயிறு மாற்றும்போது புதியதைக் கட்டிவிட்டுத்தானே பழையதை எடுப்போம்? பனியன் கம்பெனியிலிருந்து வாங்கி எங்கள் வீட்டில் போட்டிருந்த வேஸ்ட் துணி மூட்டையிலிருந்து ஒரு நீளத் துணியைக் கிழித்து நீட்டினேன்.

"முதல்ல இதையக் கட்டு அம்மிணி. அப்புறம் அறுக்கறேன்."

கட்டினாள். அறுத்தேன். ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து மனுஷன் பிழைத்து வந்துவிட்டார்.

ஆறாம் பக்கத்து ஓரத்தில், 'புதியதைக் கட்டிவிட்டு அரணாக்கயிற்றையும் அறுத்துவிடவும்' என்று எழுதி, டாக்டரிடம் கொண்டுபோனேன். பிழை திருத்தச் சொன்னால் சடங்கு எழுதுகிறாயா என்று எரிந்து விழுவார் என்றுதான் நினைத்தேன். அவர் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"போன வருசம் ஒருத்தருங்கம்மா. குளிப்பாட்டியும் விஷம் ஏன் இறங்கலைன்னு எனக்குப் பிடிபடலை. கயிறு கண்ணுல பட்டுதுங்க. அவரு வீட்டாளுங்க மனசு நோகுமேன்னு விட்டுட்டேன்."

"அப்புறமுங்க?"

"சாயங்காலம் அவங்களே அறுத்தாங்க."